சவிரி அண்ணையின் கார்: ஓடியதும் இழுபட்டதும்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவிரி அண்ணை இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது நான் வீட்டில் இல்லை. அதாவது வீட்டில்தான் இருந்தேன். குசினிக் கதவுக்குப் பின்னால், கையில் அரைத் தோசையோடு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். ஆனாலும் இல்லை.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுத் தொலைபேசி அடித்தால் இரண்டே காரணம்தான். பொங்கல் விழாவுக்கு ஒரு பகிடி நாடகம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள். அல்லது எழுதித் தருகிறேன் என்று சொன்ன நாடகம் எங்கே என்று கேட்பார்கள். ஆகவே என் ஒன்பது வயது மகளுக்கு ஒரு வசனம் பழக்கி வைத்திருக்கிறேன். அன்றும் அவள் அதை ஒப்புவித்தாள். பிறகு மறுமுனையில் சொன்னதைக் கேட்டாள். வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் வந்து, தனக்கு வசதியான ஆங்கிலத்தில், செய்தி வாசிப்பவளைப் போலச் சொன்னாள்: நீங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன். சவிரி அங்கிள் செத்துப்போனாராம். வந்ததும் எடுக்கச் சொன்னார்கள். நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள்?

நான் வருவதற்கு இருபது நிமிடம் எடுத்தது. வந்து, வெலிங்டனில் தாதியாக வேலை செய்யும் அவருடைய மகள் ஜெசிந்தாவை அழைத்தேன். "இப்பதான் பிள்ளை வந்தனான்" என்றேன். அவரது மரணத்தைப் பற்றி என் வாயிலிருந்து வந்த முதல் சொல்லே பொய். உங்களில் அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், கேட்டால் மனிதர் கோபித்திருக்க மாட்டார். இதைவிடப் பெரிய என் பொய் ஒன்றை அவர் தன் கொப்பியில், எத்தனை கிலோமீட்டர் என்பதோடு, எழுதி வைத்திருந்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்கு: சவிரிமுத்து மன்னார்க்காரர். நியூசிலாந்துக்கு வந்து, நியூ லின்னில் ஒரு கராஜில் மெக்கானிக். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாம் எல்லோரும் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு காரைக் கொண்டுபோய் நிறுத்துவோமே, கார் தெருவில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் அந்த வாரண்ட் பரிசோதனையைச் செய்கிறவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பஸ் சவிரி' என்று பெயர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு தமிழர் சந்தித்தால் மூன்றாவது வசனம் மோர்ட்கேஜாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் இந்த மனிதர் வீடு வாங்காமல், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து மோட்டர் ஹோம் ஆக்கினார். பிளாக்ஹவுஸ் பேயில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னால் அது வீட்டைவிடப் பெரிதாக நின்றது. அந்தப் பஸ்ஸைப் பற்றி ஊரில் உலவிய கதைகளில் பாதி நான் கட்டியவை. "அவருக்குப் பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டையே தவறவிட்ட மாதிரி" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் சொல்லி நல்ல கைதட்டு வாங்கினேன். அப்போது அவரை எனக்குத் தெரியாது. அவருடைய மனைவி ரோசலின் அக்கா காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்பதும் தெரியாது.

தெரிந்துகொண்டது தொண்ணூற்று நான்கில். என் காரின் வாரண்ட் முடிந்திருந்தது. பிரேக் சற்றுச் சந்தேகம். பரிசோதிப்பவர் ஒரு தமிழர் என்று கேள்விப்பட்டு, மனம் நிறைய நம்பிக்கையோடு போனேன். அவர் காரின் அடியில் படுத்தார், எழுந்தார், கையைத் துணியில் துடைத்தார்.

"பெயில்."

"அண்ணை, நாங்களும் தமிழாக்கள்தானே. கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோவன்."

"ஓம் தம்பி. நீர் தமிழர் எண்டு எனக்குத் தெரியும். பிரேக்குக்குத் தெரியுமே?"

பங்குச் சுவாமியின் காரையே இரண்டு முறை பெயில் ஆக்கித் திருப்பி அனுப்பியவர் என்று பிறகு அறிந்தேன். நான் விடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் இன்டர்வியூ இருக்கிறது, கொழும்பில் பதினாறு வருடம் கணக்காளராக இருந்தவன் இங்கே ஒன்றரை வருடமாக வேலையில்லாமல் இருக்கிறேன், மனைவிதான் வேலைக்குப் போகிறாள் என்று என் சோகத்தை எல்லாம் அங்கேயே கொட்டினேன். அவர் சிறிது நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்தார்.

"வெளியில ஒரு சின்னக் கார் நிக்குது. கொண்டு போம். ஒரு கொண்டிசன். முன் லாச்சியில ஒரு கொப்பி கிடக்கு. எங்க போனீர், எத்தினை கிலோமீட்டர் எண்டு அதில எழுதவேணும். 'ஓடியது' எண்ட நிரலில. மற்ற நிரலில எழுதிப்போடாதையும்."

மற்ற நிரலின் தலைப்பு 'இழுபட்டது'. விளக்கம் கேட்டேன். பஸ்ஸில் எங்காவது போகும்போது இந்தக் காரைப் பின்னால் கொழுவிக்கொண்டு போவார். நான்கு சக்கரமும் தரையில்தான் இருக்கும். கியர் நியூட்ரலில். எஞ்சின் தூங்கும், ஆனால் சக்கரம் சுற்றுவதால் மீட்டர் விழித்திருந்து எண்ணிக்கொண்டே வரும். கார் தானாக ஓடாத தூரமும் ஓடியதாகச் சேர்ந்துவிடும். "ஆனபடியால் பிரிச்சு எழுதவேணும். இழுபட்ட தூரத்துக்கு டயர் தேயும், எஞ்சின் தேயாது" என்றார். மெக்கானிக்குகளுக்கு வரும் ஒருவகை விசர் என்று நினைத்துக்கொண்டு திறப்பை வாங்கினேன்.

மறுநாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு எல்லர்ஸ்லிக்குப் போனேன். பன்னிரண்டரைக் கிலோமீட்டர். அரை மணி முந்திப் போய்விட்டேன். கார் தரிப்பிடத்தில் இருந்து பார்த்தால் அந்த அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர் தெரியும். உள்ளே இஸ்திரி கலையாத சேட்டுகளோடு இளைஞர்கள், கையில் கோப்பியோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் அதற்கு முன் ஒன்பது இடத்தில் இன்டர்வியூக் கதிரையில் இருந்து எழும்பி வந்தவன். ஒன்பது இடத்திலும் "நியூசிலாந்து அனுபவம் உண்டா" என்றுதான் கேட்டார்கள். பத்தாவது தடவை அதைக் கேட்க என் காது ஒத்துக்கொள்ளவில்லை. காரை எடுத்தேன். வீட்டுக்குப் போக முடியாது. ஆகவே மிஷன் பே கடற்கரைக்குப் போனேன். கழுத்துப்பட்டியோடு மதிலில் உட்கார்ந்து, ஹோக்கி போக்கி ஐஸ்கிரீம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டேன். கடற்பறவைகள்கூட என்னைச் சற்று விலகி நின்றே பார்த்தன.

திரும்பி வந்தபோது மீட்டர் முப்பத்தொன்பது கூடியிருந்தது. நான் கொப்பியில் எழுதினேன்: எல்லர்ஸ்லி போய்வர, 25. பன்னிரண்டரையை இரண்டால் பெருக்கினேன். கணக்குப் படித்தவன் அல்லவா. வீட்டில் மனைவி வசந்தியிடம், "நல்லாத்தான் கதைச்சாங்கள், சொல்லியனுப்புவினமாம்" என்றேன். இரண்டு வாரம் கழித்து, வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம் என்றேன். அவள் எனக்குப் பிடிக்கும் என்று அன்றைக்கு நண்டுக் கறி வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளைச் சேட்டோடு சவிரி அண்ணை என் வீட்டு வாசலில் நின்றார். கையில் அந்தக் கொப்பி, கக்கத்தில் சுருட்டிய பழைய கலண்டர்கள். முகம் வாடியிருந்தது.

"தம்பி, நீர் கணக்குப் படிச்ச ஆள். எனக்கு ஒரு பிழை பிடிச்சுத் தரவேணும். பதினாலு கிலோமீட்டர் துண்டு விழுது."

உட்காரச் சொன்னேன். வசந்தி தேத்தண்ணி போடப் போனாள். அவர் கலண்டர்களை மேசையில் விரித்தார்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயமே விளங்கியது. அந்தக் கார் ரோசலின் அக்காவின் கார். ஐம்பத்தொரு வயதில் கார் ஓடப் பழகி, மூன்றாம் முறை பாஸ் பண்ணி, நியூ லின்னில் முதியோர் இல்லத்து வேலைக்குத் தானே ஓடிக்கொண்டு போனவர். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் ஒயில் மாற்றுவது என்று பார்ப்பதற்காக, ஓடிய தூரத்தை அன்றன்றைக்கு எழுதிவைக்கச் சொன்னவர் சவிரி அண்ணை. அக்கா குசினிக் கலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் எழுதினார். பால் முடிந்தது என்பதற்குப் பக்கத்தில் 9. ஜெசிந்தாவின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் 14. பஸ்ஸுக்குத் திரைச்சீலை தைத்தவரும் அவர்தான். நீல நிறத்தில் சின்ன வெள்ளைப் பூ. வேலை முழுதும் முடிந்ததும் இரண்டு பேரும் ஊர் ஊராய்ப் போவதாக இருந்தார்கள். "மடு மாதா திருவிழாவுக்குச் சட்டி பானையோட போய்க் காட்டுக்குள்ள கொட்டில் போட்டு இருந்த ஆக்கள் நாங்கள். எங்களுக்கு இது புதுசோ?" என்று சொல்வார்களாம். பஸ் முற்றத்தைவிட்டு வெளியே போவதற்கு முன்னரே வருத்தம் வந்து, நாலே மாதத்தில் அக்கா போய்விட்டார். நான் பிறந்தநாள் விழாவில் கைதட்டு வாங்கியது அந்த மாதத்தில்தான்.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு முன்னால், ரோசலின் ஓடியது மொத்தம் எவ்வளவு என்று அறிய அவர் விரும்பியிருக்கிறார். கலண்டர் கட்டங்களை எல்லாம் கூட்டியிருக்கிறார். பதினோராயிரத்து இருநூற்று ஆறு. அதோடு இழுபட்டதையும், பிறகு தான் ஓடியதையும், நான் ஓடிய இருபத்தைந்தையும் கூட்டினால் மீட்டர் வரவேண்டும். வரவில்லை. மீட்டர் பதினாலு கூடக் காட்டியது.

"ஒரு கிழமையாய்ப் பாக்கிறன் தம்பி. உம்மட இருபத்தைஞ்சு சரி. நானே எல்லர்ஸ்லிக்குப் போய் அளந்து பாத்தனான். என்ர சரி. இழுபட்டது சரி. அப்ப அவளின்ரயிலதான் நான் எங்கயோ விட்டிட்டன். அவள் ஓடின பதினாலு கிலோமீட்டரை நான் எழுதாமல் விட்டிட்டன்."

அவர் எனக்காகப் போய் அளந்தும் பார்த்திருக்கிறார். நான் பென்சிலை எடுத்தேன். இரண்டு மணி நேரம் கட்டம் கட்டமாகக் கூட்டினேன். தொலைந்துபோன பொருளைத் திருடனே முன்னின்று தேடினால் எவ்வளவு அக்கறையாகத் தேடுவானோ அவ்வளவு அக்கறை. நடுவில், தப்பிக்க ஒரு வழி கிடைக்குமா என்று பார்த்து ஒன்று கேட்டேன்.

"அண்ணை, நீங்கள் மெக்கானிக். இழுக்கேக்க மீட்டர் கேபிளைக் கழட்டிவிட்டா இந்தத் தலையிடியே இல்லையே. ரெண்டு நிமிச வேலை."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். "கழட்டலாம். கழட்டினா அவள் எங்களோட வரயில்லை எண்டு ஆயிடும்."

அதற்குப் பிறகு எனக்கு இலக்கங்கள் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் கணக்காளன் புத்தி போகுமா? வேறொரு பிழை கண்ணில் பட்டது. இழுபட்ட நாட்களில் அவர் பஸ்ஸின் மீட்டரையும் குறித்திருந்தார். ஒன்றை ஒன்று கட்டி இழுக்கும்போது இரண்டும் ஒரே தூரம்தானே போயிருக்க வேண்டும்? பஸ் நூறு என்றால் கார் நூற்றுநாலு என்றிருந்தது, எல்லா நாளும். கேட்டேன்.

"பஸ் மீட்டர் கிழடு. பொய் சொல்லும். காரின்ரதான் சரி" என்றார் சட்டென்று. "அதை விடும். பதினாலைப் பாரும்."

கடைசியில் அவரே பென்சிலை வாங்கினார். "கிடைக்காட்டிப் பரவாயில்லை. அவளின்ர கணக்கில பதினாலைக் கூட்டி எழுதிவிடுறன். பதினோராயிரத்து இருநூற்று இருபது. அவளுக்குக் குறைச்சு எழுதினதாய் இருக்கக்கூடாது."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. செத்துப்போன ஒரு பெண்ணுக்குப் பதினாலு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும், எனக்கு மானம் கிடைக்கும். அவர் பதினோராயிரத்து இருநூற்று என்பது வரை எழுதிவிட்டார். அந்த அம்மாவின் பெயரில், கழுத்துப்பட்டியோடு மதிலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்ட என் பயங்கொள்ளித்தனம் ஏறப்போகிறது என்று நினைத்தேன்.

"அண்ணை, அது என்ர."

"எது?"

"பதினாலும். நான் இன்டர்வியூவுக்கு உள்ள போகயில்லை. வாசல்வரை போய்ப் பயந்து, மிஷன் பேக்குப் போயிட்டன். கொப்பியில பொய் எழுதினனான்."

குசினி வாசலில் வசந்தி வடைத் தட்டோடு நின்றாள். நான் அதைக் கவனிக்கவில்லை. "அப்ப அண்டைக்குச் சேட்டில இருந்த கறை?" என்றாள்.

"ஐஸ்கிரீம்."

"நான் நண்டுக் கறி வச்சனே!"

சவிரி அண்ணை எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாலும் உம்மடதோ? முழுசா?"

"முழுசா அண்ணை."

"அப்ப அவளின்ர சரி" என்றார். "அவளின்ர சரி. நான் விடயில்லை." சிலுவை அடையாளம் போட்டார். இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஏமாற்றப்பட்ட ஒரு மனிதர் அவ்வளவு நன்றியோடு அழுததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அழுது முடித்து, வடை ஒன்றை எடுத்துக் கடித்து, எழுதிய இலக்கத்தை அழித்தார். என் இருபத்தைந்தை வெட்டி முப்பத்தொன்பது ஆக்கினார். பக்கத்தில் 'கடலுக்கும்' என்று எழுதினார்.

"எங்க போனதெண்டதில வெட்கமில்லை தம்பி. எழுதாமல் விடுறதிலதான் வெட்கம்."

அவருடைய வாசகங்கள் என்று ஊரில் பல உலவுகின்றன. இது என் முன்னால், என் வடையைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்னது. ஆகவே உத்தரவாதம் தருகிறேன்.

அடுத்த மாதம் அதே எல்லர்ஸ்லியில் இன்னொரு அலுவலகம் கூப்பிட்டது. வசந்தி எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சொல்லிவிட்டாள். காலை ஒன்பது மணிக்கு வாசலில் பஸ் வந்து நின்றது, பின்னால் கார். "உம்மட கையில காரைத் தந்தா நீர் நீந்தப் போயிடுவீர். ஏறும்" என்றார். தெருவே வேடிக்கை பார்க்க ஏறினேன். முன்னால் இருந்தால் நடுக்கம் தெரியும் என்று பின்பக்கக் கட்டிலில் போய் இருந்தேன். நீலத் திரைச்சீலையை விலக்கினால் பின் கண்ணாடி. அதில், ஆறடி தூரத்தில், எங்களையே பார்த்தபடி அந்தச் சின்னக் கார் வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை. பஸ் வளைவில் திரும்பியபோது காரின் ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. மெதுவாக, பழகிய கை திருப்புவது போல. வளைவு முடிந்ததும் நேரானது. நான் பகிடி எழுதுகிறவன். அந்த இருக்கையைப் பார்த்து எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. எல்லர்ஸ்லி வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு போனேன். இன்டர்வியூவை மறந்தே போனேன்.

ஆறு கார் நிற்கும் இடத்தை அடைத்துப் பஸ்ஸை நிறுத்தினார். கண்ணாடிச் சுவருக்கு உள்ளிருந்த அத்தனை இஸ்திரிச் சேட்டுகளும் எழுந்து நின்று பார்த்தன. உள்ளே என்னிடம் கேட்ட முதல் கேள்வி நியூசிலாந்து அனுபவம் பற்றியதல்ல. "வெளியே நிற்பது உங்களுடைய பஸ்ஸா?" என்பதுதான். அந்தக் கதையைச் சொல்லி முடிக்கவே முக்கால் மணி நேரம் போனது. இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறேன். வெளியே வந்தபோது அவர் பஸ் படியில் இருந்து கொப்பி எழுதிக்கொண்டிருந்தார். இழுபட்டது என்ற நிரலில் இருந்தது: எல்லர்ஸ்லி, போக மட்டும் 13. கார். தம்பியும்.

பிறகு வந்த வருடங்களில் அவர் நாட்டின் இரண்டு முனையையும் பார்த்துவிட்டார். போகிற இடமெல்லாம் கார் போனது. சேர்ந்ததும் காரைக் கழற்றி, கடலோ மலையோ தெரியும் பக்கமாக அதன் முகத்தைத் திருப்பி நிறுத்துவாராம். இதைச் செத்த வீட்டன்று ஜெசிந்தா சொன்னாள்.

அவர் இறந்தது வடக்கே, கடற்கரையோரத்து முகாம் ஒன்றில். காலையில் திரைச்சீலை திறக்கவில்லை என்று பக்கத்து வண்டியில் இருந்த வெள்ளைக்காரத் தம்பதி தட்டிப் பார்த்திருக்கிறார்கள். கேத்தலில் தண்ணீர் அளந்து ஊற்றியிருந்ததாம். நித்திரையிலேயே இருதயம் நின்றுவிட்டது. பஸ்ஸைக் கொண்டுவர, பாரவண்டி லைசன்ஸ் உள்ள ஒருவரை ஜெசிந்தா ஒழுங்கு செய்தாள். கார் என் பொறுப்பு. நானும் அவளும் போனபோது அது கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கொழுவி இழுத்துக்கொண்டு போவோமா என்று கேட்டேன். கொழுவத் தெரிந்த மனிதர் இல்லை. அவள் திறப்பைத் தந்தாள். "நீங்களே ஓடுங்கோ அங்கிள். இனி நீங்களே வச்சிருங்கோ. கொப்பியும் அதுக்குள்ளதான்." முன் லாச்சியைத் திறந்தேன். கடைசியாக அவர் எழுதியிருந்தது: இழுபட்டது 187. பஸ் மீட்டர் 180. அவருடைய எழுத்து எப்போதும் போல நிமிர்ந்து நின்றது.

வழியில் எங்கும் நிறுத்தவில்லை. கடல் வந்த இடங்களில்கூட. அவருடைய வீட்டு வாசலில் நிறுத்தி மீட்டரைப் பார்த்தேன். நூற்றெண்பத்தேழு. ஓடியது என்ற நிரலில் 187 என்று எழுதி, என் பெயரைப் போட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரும் சரிபார்க்க முடியாத இடத்தில் நான் எழுதிய முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பவை இவை. ஒரு சின்னக் கார். இரண்டு நிரல் போட்ட ஒரு கொப்பி. ஒரு ஜன்னல் அளவு நீலத் திரைச்சீலை. இவற்றைவிட, ஒருவர் ஓடிய தூரத்தை இன்னொருவர் தன்னுடையதோடு கலக்காமல் பார்த்துக்கொள்வது ஒரு அன்பு என்ற நினைப்பு. பதினோராயிரத்து இருநூற்று ஆறு. அந்த இலக்கம் எனக்கு என் தொலைபேசி இலக்கத்தைவிட நன்றாக நினைவிருக்கிறது.

போன கிழமை காருக்கு வாரண்ட் முடிந்தது. அதே கராஜுக்குத்தான் கொண்டுபோனேன். அவருடைய இடத்தில் இப்போது இருப்பவர் ஒரு மலேசியத் தமிழர். சுற்றிப் பார்த்துவிட்டு, "பாஸ்தான் அண்ணே" என்றார். "ஆனா டயர் நாலும் ஒரு சைஸ் சின்னதுலா. சக்கரம் அதிகமா சுத்தும், மீட்டர் கூடக் காட்டும். நூறு ஓடினா நூத்திநாலு வரும்." எப்போதிருந்து என்று கேட்டேன். உள்ளே போய்ப் பழைய அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கார் வாங்கிய வருடத்திலிருந்து. தேயத் தேய, அதே சைஸில் புதிதாக வாங்கிப் போட்டவர் சவிரி அண்ணைதான். ரோசலின் அக்காவின் பதினோராயிரத்து இருநூற்று ஆறும் அந்தச் சைஸ் டயரில் எண்ணியதுதான்.

பஸ் மீட்டர் பொய் சொல்லவில்லை.